பிடித்துக்கொள்வதில் வெட்கமில்லை

(நமது ஆலய மண்டபத்தில் மூத்த பக்தர்களுக்காக நடைபெற்ற உடல்நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இக்கூட்டத்தில் பேச என்னை அழைத்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். நின்றுகொண்டு பேச மாட்டேன், நாற்காலி வேண்டும் என்றேன். 34 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்தியவன் நான். வகுப்பில் ஆசிரியர் உட்காரக் கூடாது என்று இளைய ஆசிரியர்களைக் கண்டித்தவனும் நானே. அப்படிப்பட்டவன் இன்று உங்கள் முன் உட்கார்ந்து பேசுகிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயாளி. நோயாளி என்கிற முறையில் நான் பட்டறிந்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே சொல்வேன். யாரும் என் பேச்சைக் கேட்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எனக்கு இனிப்பு நீர் வந்தது 2004ஆம் ஆண்டில். இரத்தக் கொதிப்பு 2009இல் வந்து சேர்ந்துகொண்டது. நம்மவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. 2019ஆம் ஆண்டில் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னணியில் இருக்கிறோம். நம்மில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தது. வேறு எதில் முன்னணியில் இல்லாவிட்டாலும் இதில் இருக்கிறோம்!

நோய் வந்த பிறகும் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மாத்திரை போட்டேன், பள்ளிக்குப் போனேன். 1979 முதல், கொரோனா காலம் தவிர, ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலையில் பால்குடம் எடுத்தேன். 2012இல் குடமுழுக்குக் கண்ட புதிய மலைக்கோயிலின் 513 படிகளையும் பால்குடத்தோடு ஏறினேன். 2018இல் ஓய்வு பெற்றபோது ஆலயப் பணிக்கு இனி முழு நேரம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன்.

அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் தலைசுற்றல் தொடங்கியது. காலையில் படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டும். குனிந்து நிமிர்ந்தால் தள்ளாடும். இரவில் கழிவறைக்குப் போகும்போது சுவரைத் தடவிக்கொண்டு போவேன். சில சமயம் ஒரு காலில் சிலிப்பர் கழன்று விழுந்திருக்கும். அது தெரியாமலே நான் பத்தடி நடந்திருப்பேன். என் மனைவி கேட்டால் "ஒன்றுமில்லை, பித்தம்" என்பேன். நம் வீடுகளில் எல்லாத் தலைசுற்றலுக்கும் ஒரே பெயர் பித்தம்தானே! சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறைத்து வந்தேன்.

ஏன் மறைத்தேன்? வெட்கம். தள்ளாடுகிறவனைப் பார்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒன்று, குடித்திருக்கிறான் என்பார்கள். அல்லது, கிழவனாகிவிட்டான், பொறுப்பிலிருந்து இறக்கிவிடலாம் என்பார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று நடந்தது

2023ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகை. நமது ஆலயத்தில் பெருங்கூட்டம். அதிகாலை முதல் நான் ஒன்றும் உண்ணவில்லை, விரதம். ஆனால் மாத்திரைகளை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன். அபிஷேகம் முடியும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கருவறைக்கு முன்னால் நின்றேன். கற்பூர தீபம் காட்டியதும் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பிக் கண்களை மூடினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். விழும்போது அருகில் நின்ற மூதாட்டி ஒருவரின் தோளைப் பற்றியிருக்கிறேன். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று.

எல்லோரும் ஓடி வந்தார்கள். "என்ன ஆச்சு வாத்தியாரய்யா?" என்று கேட்டார்கள். அப்போது என் வாயில் வந்த பதில், "தரை ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது" என்பதே.

அன்பர்களே, அது பொய். தரை ஈரமாக இல்லை. எனக்குத் தலை சுற்றியது.

அந்த ஒரு பொய் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அது ஒரு விவகாரமாக வந்தது. தரையைத் துடைக்கும் பொறுப்பு தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒரு பணியாளருடையது. கவனக்குறைவு என்று அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதென்றும், அவர் சம்பளத்தில் 50 ரிங்கிட் பிடிப்பதென்றும் முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. 34 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்றுக் கொடுத்தவன், 50 ரிங்கிட் பெறுமானமுள்ள ஓர் உண்மையைச் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக் குளியலறையில் மறுபடியும் விழுந்தேன். நெற்றியில் ஐந்து தையல். அப்போது குற்றம் சாட்ட வேறு யாரும் அங்கே இல்லை. என் மனைவி வாசலில் நின்றுகொண்டு, "ஏங்க, இன்னும் எத்தனை தடவைதான் பித்தம்னு சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். மறுநாள் கிளினிக்குக்குப் போனோம்.

மூன்று சாட்சிகள்

அங்கிருந்த மருத்துவர் இளம்பெண். என் பேத்தி வயதுக்குச் சற்று மேலிருக்கும். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். நமது உடல் எப்படி விழாமல் நிற்கிறது என்பதை அவர் விளக்கினார். அதை நான் ஆறாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்வதுபோல் உங்களுக்குச் சொல்கிறேன்.

மூளையை ஒரு நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். "நான் நேராக நிற்கிறேனா, சாய்கிறேனா?" என்பதே வழக்கு. அதற்கு மூன்று சாட்சிகள். முதல் சாட்சி கண். சுவரும் தூணும் நிமிர்ந்திருப்பதைப் பார்த்துச் சொல்கிறது. இரண்டாவது சாட்சி காது. காது கேட்பதற்கு மட்டும் அல்ல. உட்காதில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நீரின் அசைவைக் கொண்டு அவை தெரிந்துகொள்கின்றன. மூன்றாவது சாட்சி பாதம். பாதத்திலும் கணுக்காலிலும் உள்ள நரம்புகள், எடை எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்த மூன்று சாட்சிகளும் ஒத்துச் சொன்னால் நாம் நிமிர்ந்து நிற்கிறோம். ஒன்று வாய் மூடினால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு வாய் மூடினால் தீர்ப்பு தவறிவிடும்.

நீண்ட நாள் இனிப்பு நீர் பாதத்து நரம்புகளைப் பழுதாக்குகிறது. மருத்துவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் என் பாதங்களில் பத்து இடங்களைத் தொட்டார். மூன்று இடங்களில்தான் எனக்குத் தெரிந்தது. சிலிப்பர் கழன்றது தெரியாமல் நான் நடந்ததற்குக் காரணம் அதுவே. பிறகு பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். "இப்போது கண்ணை மூடுங்கள்" என்றார். மூடினேன். சாய்ந்தேன். அவர் பிடித்துக்கொண்டார்.

ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டிய சோதனை அது. பாதம் என்ற சாட்சி ஏற்கனவே பேசாமல் போய்விட்டது. கண்ணை மட்டும் நம்பி நின்றவன், கண்ணையும் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருவறை முன்னால் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினேனே, அது எனக்கு நானே செய்துகொண்ட ரோம்பெர்க் சோதனை!

அது மட்டும் அல்ல. என்னைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள். மேல் அளவு 148. எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார்கள். 118. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய கோளாறு. எழுந்தவுடன் இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. ஆரோக்கியமான நரம்புகள் உடனே இரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்பும். நீரிழிவு அந்த நரம்புகளையும் மந்தமாக்கிவிடுகிறது.

"வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். சிறுநீர்த் தடைக்காக வேறொரு தனியார் கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்ததை அப்போதுதான் சொன்னேன். அந்த மாத்திரையும் இரத்த அழுத்தத்தை இறக்கக் கூடியதாம். அந்தக் கிளினிக்குக்கு இந்த மருந்து தெரியாது, இந்தக் கிளினிக்குக்கு அந்த மருந்து தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாய் திறக்கவில்லை. மருத்துவர் மருந்து அளவையும், சாப்பிடும் நேரத்தையும் மாற்றினார். இரண்டு வாரத்தில் காலை நேரத்து இருட்டல் பாதியாகக் குறைந்தது.

எல்லாம் பித்தம் அல்ல

நான் தேறி வந்த அதே சமயத்தில் என் மனைவிக்கும் தலைசுற்றல் வந்தது. ஆனால் அது வேறு மாதிரி. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுழலும். அரை நிமிடத்தில் நின்றுவிடும். உட்காதில் இருக்கும் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவதால் வருவதாம் அது. அதற்கு மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறைப்படி, தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மெல்ல மறுபக்கம் திருப்பி, பிறகு எழுப்பி உட்கார வைத்தார் மருத்துவர். இரண்டு முறை செய்ததில் சுழல் நின்றுவிட்டது.

ஒரே வீட்டில் இரண்டு தலைசுற்றல். இரண்டுக்கும் நாங்கள் வைத்த பெயர் பித்தம். காரணம் வேறு, சிகிச்சை வேறு. ஆகவே மருத்துவரிடம் போகும்போது "தலை சுத்துது டாக்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள், எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதி வையுங்கள். எழுந்து நின்றால் வருகிறதா? படுக்கையில் புரண்டால் வருகிறதா? இருட்டில் மட்டும் தள்ளாடுகிறதா? வியர்த்துக் கை நடுங்குகிறதா? என் நோட்டுப் புத்தகத்தின் நான்கு பக்கங்கள் மருத்துவருக்கு மிகவும் உதவின என்று அவரே சொன்னார்.

வியர்த்து, கை நடுங்கி, பசித்து, மனம் குழம்பினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். கருவியில் 4-க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்றையும் மறவாதீர்கள். திடீர்த் தலைசுற்றலோடு வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். சீரகத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

ஆலயத்துக்கு வரும்போது

நாம் ஆலயத்தில் செய்கின்ற காரியங்களை எண்ணிப் பாருங்கள். வெறும் வயிற்றில் வருகிறோம். வெயிலில் வரிசையில் நிற்கிறோம். கண்ணை மூடுகிறோம். அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கிறோம். விழுந்து கும்பிட்டு விருட்டென்று எழுகிறோம். என்னைப் போன்ற நோயாளிக்கு இவை ஒவ்வொன்றும் தடுமாற வைப்பவை. அதனால் வழிபாட்டை விட வேண்டுமா? வேண்டியதில்லை. முறையை மாற்றிக்கொண்டால் போதும்.

விரதம் இருக்க விரும்பினால், முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வருவது பக்தி ஆகாது, ஆபத்து. பால் பழம் உண்டு விரதம் இருப்பதும் நம் மரபில் உள்ளதுதான்.

கண்ணை மூடிக் கும்பிட வேண்டும் என்று தோன்றினால் தூணருகே நில்லுங்கள். அல்லது உட்காருங்கள். விழுந்து கும்பிட்டால், எழும்போது முதலில் மண்டியிட்டு அப்படியே சற்று இருங்கள். பிறகு ஒரு காலை ஊன்றி, எதையாவது பிடித்துக்கொண்டு எழுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுவதும் அப்படித்தான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்து, ஐந்தெழுத்தை இருபது முறை சொல்லிவிட்டுத்தான் எழுகிறேன். இரத்தத்துக்கும் மேலே ஏற நேரம் கிடைக்கிறது, எனக்கும் இறைநாமம் சொல்ல நேரம் கிடைக்கிறது.

பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் உச்சி வெயிலில் வெறுங்காலோடு வெளிப்பிரகாரத்தைச் சுற்ற வேண்டாம். சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையிலோ மாலையிலோ வாருங்கள். வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

உடற்பயிற்சியாளர் எனக்குக் கற்றுக் கொடுத்த பயிற்சி மிக எளியது. சமையலறைத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதங்களைச் சேர்த்து நிற்பது, பிறகு ஒரு பாதத்துக்கு முன் மறுபாதத்தை வைத்து நிற்பது, பிறகு ஒற்றைக் காலில் நிற்பது. நாள்தோறும் பத்து நிமிடம். அதோடு, எங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழே காலையில் சீன முதியவர்கள் தாய்ச்சி பயில்கிறார்கள். முதியவர்கள் விழுவதை அப்பயிற்சி குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடைசி வரிசையில் நானும் போய் நிற்கிறேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தது ஒரு வாரம்தான். இப்போது நான் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

கைத்தடி வாங்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. மகன் வாங்கி வந்ததைக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். என் மனைவிதான் அதை எடுத்து வந்து கொடுத்து, "நாப்பது வருசமா தண்டாயுதபாணிக்குப் பால்குடம் எடுத்தீங்களே, அவரே கையில கோலோடதான் நிக்கிறாரு. உங்களுக்கென்ன வெட்கம்?" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதோ, அந்தக் கைத்தடி இப்போது என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது.

சொல்லாமல் விட்டதைச் சொன்னேன்

சிகிச்சை தொடங்கிய பிறகும் என் மனத்தை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து, பிடிமானத்துக்கு மேசையைப் பற்றிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். தரை ஈரமாக இல்லை, விழுந்தது என் நோயால், பழியை வேறொருவர் மேல் போட்டது என் வெட்கத்தால் என்று சொன்னேன். குழு அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. பிடித்த பணமும் திருப்பித் தரப்பட்டது.

அந்தத் தம்பியைத் தனியே பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "ஐயா, நீங்க சாயுறத நான் பாத்தேன். தரை காஞ்சுதான் இருந்துச்சு. வாத்தியாரே சொன்ன பிறகு நான் சொன்னா யாரு நம்புவாங்கன்னுதான் பேசாம இருந்துட்டேன்." ஆசிரியர் சொன்னால் ஊர் நம்பும். அந்த நம்பிக்கையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்று நினைத்தால் இன்றும் தலை குனிகிறது.

மாவுக்கட்டுப் போட்டிருந்த அம்மாவின் வீட்டுக்கும் போனேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கும் அன்னைக்குத் தலை சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு வாத்தியாரே. வாத்தியாரு பக்கத்துல நின்னா பத்திரம்னு வந்து நின்னேன்!" என்றார்.

இதைவிட வியப்பு என்னவென்றால், நிர்வாகக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் எங்கள் குழுவில் மூவர், தங்களுக்கும் அடிக்கடி தலை சுற்றுவதாகச் சொன்னார்கள். ஒருவர் அதற்கு முந்திய வாரம்தான் வீட்டுப் படியில் விழுந்திருக்கிறார். எல்லோரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு, ஒரே வரிசையில் நின்று கும்பிட்டு வந்திருக்கிறோம்.

தண்டியடிகளின் கயிறு

பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் நாயனாரை நீங்கள் அறிவீர்கள். திருவாரூரில் பிறந்தவர், கண் பார்வை இல்லாதவர். கோயில் திருக்குளம் தூர்ந்து போனதைக் கண்டு வருந்தி, தாமே அதைத் தோண்ட முற்பட்டார். பார்வை இல்லாதவர் எப்படி மண் சுமப்பது? குளத்தின் உள்ளே ஒரு கம்பமும் கரையில் ஒரு கம்பமும் நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார்.

சிறு வயதிலிருந்து இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவருடைய பக்தியைத்தான் சொல்வேன், கயிற்றைச் சொல்ல மாட்டேன். இப்போது எனக்குக் கயிறுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் தம் குறையை மறைக்கவில்லை. பார்வை உள்ளவரைப்போல நடிக்கவில்லை. ஊரார் பார்க்கக் கம்பம் நட்டுக் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டதால்தான் திருப்பணி நடந்தது.

அதேபோல், நாயன்மார்கள் வரிசையில் எல்லோரும் நின்றிருக்க, காரைக்கால் அம்மையார் மட்டும் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே, சந்நிதியில் உட்கார்ந்து கும்பிடுவது குறை என்று யாரும் எண்ண வேண்டாம். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர் விழுந்தால், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் அடுத்த முறை விழுந்ததை உங்களிடம் சொல்ல மாட்டார். அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

உபயகாரப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் கலசத்துக்கும் வாகனத்துக்கும் நீங்கள் அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள். அக்கொடையால் இந்த ஆலயம் நிமிர்ந்து நிற்கிறது. இனி அதில் நாங்களும் நிமிர்ந்து நிற்க உதவுங்கள். முன் மண்டபத்தின் இடப்பக்கம் கைப்பிடிக் கம்பி போட்டாயிற்று. வலப்பக்கம் இன்னும் பாக்கி. கால் கழுவும் இடத்துக்கு வழுக்காத தரை வேண்டும். சந்நிதியின் ஓரத்தில் பத்து நாற்காலிகள் வேண்டும். கழிவறையில் பிடிமானம் வேண்டும். அங்கே உங்கள் பெயரைப் பெரிதாகப் பொறிக்க இடம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு நாளும் நடுங்கும் கைகள் அதைப் பிடித்துக்கொண்டு இறைவன் முன் போய் நிற்கும். தண்டியடிகள் கட்டிய கயிற்றை நீட்டிக் கட்டிய புண்ணியம் உங்களுக்குச் சேரும்.

நான் இப்போது பால்குடம் எடுப்பதில்லை. கடந்த தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மலைக்குப் போகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். கீழே இருந்தபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டேன். மனத்துக்குக் குறை தெரியவில்லை.

அந்தப் பணியாளர் தம்பி இந்த மண்டபத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். இடப்பக்கக் கைப்பிடியை நாள்தோறும் துடைத்துக் காய வைப்பவர் அவரே. உங்கள் அனைவர் முன்னிலையிலும் அவரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொண்டு, எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், நோய் வந்தால் அதைச் சொல்லும் துணிவையும் அருள வேண்டும் என வேண்டி விடைபெறுகிறேன்.